பின்சீட்டில் ஒரு தாள், டேங்க் மேல் ஒரு தாள்: 1970 ஷெவல் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு காரும் ஒரு தாளை வைத்துத்தான் உருவானது. டீலர் அனுப்பிய ஆர்டரிலிருந்து அச்சடித்த அந்தத் தாளில், வண்டிக்கு எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த சீட், என்ன நிறம், ஏசி உண்டா இல்லையா என்று எல்லாமே குறியீடுகளாக இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இதை பில்ட் ஷீட் என்பார்கள். கிரைஸ்லர் கார்களில் பிராட்காஸ்ட் ஷீட். அசெம்பிளி லைனில் பல இடங்களுக்கும் பிரதிகள் போகும். வண்டி நகர்ந்துவிட்டால் அந்தத் தாளால் யாருக்கும் பயன் இல்லை. கையில் இருந்த தொழிலாளி அதை சீட் ஸ்பிரிங்குக்குள் செருகியிருப்பார், கார்பெட்டுக்கு அடியில் விட்டிருப்பார், பெட்ரோல் டேங்க் மேல் வைத்து அப்படியே மாட்டியிருப்பார். வாங்குபவருக்காக யாரும் வைத்ததல்ல அது.

இன்று அந்தத் தாளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், எல்லா கம்பெனிகளின் பதிவுகளும் ஒரே மாதிரி பிழைக்கவில்லை. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் என்ற நிறுவனம் கம்பெனியின் தரவுகளிலிருந்தே அறிக்கை தருகிறது. போன்டியாக் கார்களின் பதிவுகள் பிஎச்எஸ் என்ற சேவையிடம் இருக்கின்றன. கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு அந்த நாட்டுக் கிளையிடம் ஆவணம் கேட்கலாம். ஆனால் அமெரிக்காவில் விற்ற 1970 ஷெவ்ரலேக்கு (இதுவும் ஜெனரல் மோட்டார்ஸின் பிராண்ட்தான்), வண்டிவாரியாகப் பதிவு கேட்டுப் பெற இடமே கிடையாது. அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பதற்கு அதனுள்ளேயே கிடக்கும் தாள்தான் சாட்சி.

இந்த ஆய்வில் வருவது 1970 ஷெவ்ரலே ஷெவல், இரண்டு கதவு ஹார்ட்டாப். ஓஹாயோ மாநிலத்தில் ஓய்வுபெற்ற டூல் அண்ட் டை தொழிலாளி ஒருவர் 1980களில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்தே கிரில்லிலும் பின்பம்பரிலும் எஸ்எஸ் எழுத்துகள். சூப்பர் ஸ்போர்ட் என்பதன் சுருக்கம், ஷெவலின் வேகமான, விலை கூடிய வகைக்கான அடையாளம். பெரியவருக்கு வயதாகிவிட்டது, வண்டியை ஓரளவு சீர்செய்து விற்றுவிடலாம் என்று பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். வேறு மாநிலத்தில் வாங்குபவர் ஒருவர் தயாராக இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: வண்டி தொழிற்சாலையிலிருந்தே எஸ்எஸ் என்பதற்கு ஆதாரம். பட்டறையில் வண்டிகளின் எண்களையும் தாள்களையும் சரிபார்த்துப் பதிவுசெய்யும் வேலை என்னுடையது.

வந்தபோது தெரிந்தவை

வின் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண், 13637 என்று தொடங்கியது. ஷெவ்ரலே, எட்டு சிலிண்டர் மாலிபு (ஷெவலில் ஒரு வகை), இரண்டு கதவு ஹார்ட்டாப் என்று பொருள். அடுத்து ஆண்டைக் குறிக்கும் 0. அதற்கடுத்த கே என்ற எழுத்து, மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் இருந்த லீட்ஸ் தொழிற்சாலையைக் காட்டும். சிக்கல் இங்கேதான். 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல் (396 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு). வின் எண் 138 என்று தொடங்கும், சந்தேகத்துக்கு இடமில்லை. 1969 முதல் எஸ்எஸ் வெறும் கூடுதல் பேக்கேஜ் ஆகிவிட்டது. எஞ்சினைக் காட்டும் எழுத்து வின் எண்ணில் வந்ததோ 1972இல்தான். ஆக 1970இல் சாதாரண மாலிபுவும் எஸ்எஸ்ஸும் வின் எண்ணைப் பொறுத்தவரை ஒன்றே.

எஞ்சினும் கைகொடுக்கவில்லை. இருந்தது பெரிய பிளாக் வகை எஞ்சின்தான். 396 என்று விற்கப்பட்டாலும் 1970இல் உண்மையில் 402 கன அங்குலம் இருந்த அதே வகை. ஆனால் பிளாக்கின் முன்பக்கத்தில் பொறித்திருந்த வின் பகுதி இந்த வண்டியுடையது அல்ல. எஞ்சின் ஒருமுறை மாற்றப்பட்டது என்று விற்றவர் அப்போதே சொன்னதாகப் பெரியவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார். 12 போல்ட் பின் ஆக்சில், வட்ட மீட்டர்கள் கொண்ட டேஷ்போர்டு, பக்கெட் சீட்கள் என்ற தனித்தனி முன்னிருக்கைகள், நடுவில் கன்சோல் எல்லாம் இருந்தன. இவை எஸ்எஸ்ஸில் இருப்பவைதான். ஆனால் எல்லாமே போல்ட்டைக் கழற்றினால் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியவை. அதனால் தாளைத் தேடுவது என்று முடிவாயிற்று.

பின்சீட்டில் கிடைத்த தாள்

முதலில் திறந்தது பின்சீட். அடிப்பக்கம் முழுக்க எலிக் கூடு. காய்ந்த எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, கிருமிநாசினியில் நனைத்த பிறகே எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஹான்டா வைரஸ் தூசியோடு மூச்சில் போய்விடும். ஆனால் கிருமிநாசினி பட்டால் தாள் வீணாகும். கதவுகளைத் திறந்து காற்றோட விட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, தாள் இருக்கலாம் என்று பட்ட இடத்தைத் தவிர்த்து மற்ற இடங்களை மட்டும் நனைத்தோம்.

ஸ்பிரிங்குக்கும் அதன் மேலிருந்த கோணித்துணிக்கும் நடுவே, நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. எடுப்பதற்கு முன் இருந்த நிலையிலேயே படம் எடுத்தோம். சீட் உறையைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்பு வளையங்கள் தொழிற்சாலையில் அடித்தவை, ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. அதையும் நெருக்கமாகப் படம் எடுத்தோம். போலி பில்ட் ஷீட்கள் விலைக்குக் கிடைக்கும் காலம் இது. புதுத் தாளில் அச்சடித்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து, சீட்டுக்குள் வைத்து ‘கண்டெடுப்பவர்கள்’ இருக்கிறார்கள். வளையங்கள் அசையவில்லை என்றால் தாளைப் பிறகு நுழைத்திருக்க வழியில்லை.

பிரித்தபோது பட்டறையே கூடிவிட்டது. இசட்25, அதாவது எஸ்எஸ் 396 பேக்கேஜ். எல்34, 350 குதிரைத்திறன் எஞ்சின். எம்20 நான்கு கியர். ஏ51 பக்கெட் சீட், டி55 கன்சோல். நிறம் 75, கிரான்பெரி சிவப்பு. வண்டியும் சிவப்பு, நான்கு கியர், பக்கெட் சீட். எல்லாம் ஒத்துப்போனது.

ஆனால் வின் எண் இருக்க வேண்டிய மூலையை எலி தின்றுவிட்டிருந்தது.

பொறுத்திருப்பது என்ற முடிவு

வாங்குபவருக்கு அன்றே படம் அனுப்பிவிடலாம் என்றார் பெரியவர். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது ஆண்டுக்கு மேல் எஸ்எஸ் என்று நம்பி ஓட்டிய வண்டி. நம்பியதையே சொல்லும் தாள் கண்ணெதிரே இருக்கிறது. வாங்குபவரும் அதை ஏற்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அனுப்பாமல் நிறுத்திவைக்கச் சொன்னோம். காரணங்கள் இரண்டு. தொழிற்சாலையில் தாள் இடம் மாறி விழுவது சாதாரணம். சீட் தனி இடத்தில் தயாராகி லைனுக்கு வரும், முன்னால் போகும் வண்டியின் தாள் பின்னால் வரும் வண்டிக்குள் போய்விடும். பழைய கார்க்காரர்கள் ஒரே காரில் இரண்டு மூன்று வண்டிகளின் தாள்களைக் கண்டெடுத்ததுண்டு. வின் எண் இல்லாத தாள் எந்த வண்டியுடையது என்று தாளே சொல்லாது. இரண்டாவது காரணம் இதைவிட எளிது: சீட் என்பது கழற்றி மாட்டும் பொருள். தாள் சீட்டோடு பிறந்தது என்று வளையங்கள் நிரூபித்தன. சீட் இந்த வண்டியோடு பிறந்ததா என்பது நிரூபணம் ஆகவில்லை.

படம் ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. அடுத்த விற்பனையிலும் அதற்கடுத்த விற்பனையிலும் ஆதாரமாகச் சுற்றும். பெரியவர் அரைமனதோடு சரி என்றார். டேங்க்கை இறக்கிப் பார்க்கும்வரை எதுவும் வெளியே போகாது என்று முடிவானது.

வண்டியின் உடம்பில் தெரிந்தவை

டேங்க்கை இறக்கும் முன் உடம்பைப் பார்த்தோம். எஞ்சின் அறையின் பின்சுவரில் ட்ரிம் டேக் என்ற சிறு தகடு இருக்கும். ஃபிஷர் பாடி நிறுவனம் அடித்தது. உடம்பு எந்த மாதம், எந்த வாரம் உருவானது, உட்புறம் என்ன, நிறம் என்ன என்பவை அதில் இருக்கும், எஞ்சின் இருக்காது. பல தடவை அடித்த பெயின்டைப் பொறுமையாக நீக்கியபோது நிறக்குறியீடு 58 என்று தெரிந்தது. ஆட்டம் கோல்டு, பொன்னிறம். உட்புறக் குறியீடும் பொன்னிற பெஞ்ச் சீட், அதாவது ஒரே நீள இருக்கை, என்றது. தாளோ சிவப்பு, கறுப்பு பக்கெட் சீட் என்கிறது.

தகட்டையும் மாற்ற முடியும் என்பதால் அதோடு நிற்கவில்லை. டிக்கியின் ஓரத்தில் சிவப்புக்கு அடியில் பொன்னிறம் இருந்தது. கால்பக்கப் பிளாஸ்டிக் பலகையைச் சுரண்டினால் கறுப்பு வண்ணத்துக்குக் கீழே பொன்னிறம். பின்சீட்டின் கறுப்போ பூசியது அல்ல, உறையின் சொந்த நிறம்.

முக்கியமான சாட்சி தரையில் கிடைத்தது. நான்கு கியர் வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே நடுத்தரையை வெட்டி, மேலே ஒரு மேட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்வார்கள். சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகளாகத் தெரியும். இந்த வண்டியில் கையால் இழுத்த தொடர் வெல்டிங். வெட்டிய விளிம்பும் கோணல். ஆட்டோமேட்டிக்காகப் பிறந்து பிறகு மாற்றிய வண்டி என்பதில் எனக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. எஞ்சின் அறைப் பின்சுவரின் பயணி பக்கம் ஏசி பெட்டிக்கான பெரிய துளைத் தகடு போட்டு மூடியிருந்தது. முதல் தாளில் ஏசி கிடையாது.

டேங்க் இறங்கியபோது

பழைய ஷெவல்களில் தாள் தேடுபவர்கள் முதலில் நினைப்பது டேங்க்கின் மேற்பரப்பைத்தான். ஷெவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் டேங்க்கின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். ஷெவலில் பெரும்பாலும் டேங்க்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே சும்மா வைத்துவிட்டிருப்பார்கள். டேங்க் பட்டைகளைக் கழற்றும் அவசரத்தில் அந்தத் தாள் இரண்டாகக் கிழிவது நடக்கும். அதனால் மெல்லிய குழாய்க் கேமராவை இடைவெளியில் விட்டுப் பார்த்தோம். மண்ணுக்கு அடியில் ஒரு வெளிர் விளிம்பு தெரிந்தது. பெட்ரோலை முழுக்க இறைத்துவிட்டு, ஜாக்கில் தாங்கி, பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி டேங்க்கை இறக்கினார்கள். தொடக்கம் முதல் முடிவுவரை வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பட்டைகளின் போல்ட்கள் துருவில் இறுகிப்போயிருந்ததையும், டேங்க் மேல் படிந்த மண் கலையாமல் இருந்ததையும் அதில் காணலாம்.

தாள் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்கவில்லை. பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில் பழைய காகிதங்களைப் பராமரிக்கும் ஒருவரைக் கேட்டோம். மண்ணை மென்மையான தூரிகையால் நீக்கி, ஈரமான பிளாட்டிங் தாளை மேலே வைத்து ஈரம் மெல்ல இறங்க விட்டு, அகலமான மெல்லிய கத்தியால் ஓரத்திலிருந்து தூக்கச் சொன்னார். பொறுமைதான் வேலை. மூன்று துண்டுகளாக வந்தாலும் எழுத்து பெரும்பாலும் பிழைத்தது. செலோடேப் ஒட்டக் கூடாது, லேமினேஷன் செய்யவே கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒட்டுப் பசையும் சூடும் காகிதத்தை மாற்றிவிடும், பிறகு பிரிக்க முடியாது. துண்டுகளைப் பாலியஸ்டர் உறையில் சேர்த்து வைத்தோம்.

வின் எண் முழுதாக இருந்தது. டேஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியே தெரியும் தகட்டோடு ஒவ்வொரு எண்ணும் பொருந்தியது. மற்ற கட்டங்களில்: எல்65, அதாவது 250 குதிரைத்திறன் கொண்ட 350 கன அங்குல எஞ்சின். எம்38 ஆட்டோமேட்டிக். சி60 ஏசி. சி08 வினைல் கூரை. நிறம் 58. இசட்25 எங்கும் இல்லை.

இரண்டு தாள்களும் அசல்

பெரியவர் முதலில் கேட்டது, எது போலி என்று. இரண்டுமே போலி அல்ல. அவருக்கு விளங்க வைக்க வேண்டியிருந்தது அதுதான், இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் முடிவு இது. யாரோ ஒருவர் இந்தப் பொன்னிற மாலிபுவை எஸ்எஸ் ஆக மாற்ற விரும்பியிருக்கிறார். உட்புறத்துக்காக, சிவப்பு எஸ்எஸ் ஒன்றின் பக்கெட் சீட், கன்சோல், பின்சீட் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி மாட்டியிருக்கிறார். அந்தச் சிவப்பு வண்டியின் தாள் பின்சீட்டுக்குள்ளேயே பயணம் செய்து வந்துவிட்டது. மாற்றியவர் தாள் இருப்பதைப் பார்த்திருக்கவே வழியில்லை, வளையங்கள் அவிழவில்லையே. ஏமாற்றும் எண்ணமும் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இவை பழைய கார்கள், அவ்வளவுதான். பிடித்த மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

பக்கத்து வண்டியின் தாள் தொழிற்சாலையிலேயே தவறி விழுந்ததாக இருக்கலாமே என்ற கேள்வியும் வந்தது. சீட்டின் நிறம் அதற்கு இடம் தரவில்லை. பொன்னிற உட்புற வண்டிக்குக் கறுப்புப் பின்சீட் லைனிலிருந்து வந்திருக்காது.

உரிமையாளரின் முடிவு

டேங்க் மேல் கிடைத்த தாளைப் பற்றி பட்டறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. முதல் தாளைக் காட்டி வண்டியை எஸ்எஸ் என்றே விற்றிருக்கலாம். பெரியவரின் உறவினர் ஒருவர் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

பட்டறையின் நிலை தெளிவாக இருந்தது: தெரிந்ததை மறைத்து விற்றால் அது மோசடி, அதில் நாங்கள் சேரமாட்டோம், எங்கள் அறிக்கையில் இரண்டு தாள்களும் இருக்கும். தரை வெல்டிங்கையும் துளை மூடிய தகட்டையும் விவரம் தெரிந்த எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்பதையும் சொன்னோம். பெரியவர் அன்று அதிகம் பேசவில்லை. மறுநாள் போன் செய்து, வாங்குபவருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள் என்றார். அறிக்கை, படங்கள், வீடியோ முழுவதும் போயின.

பிறகு நடந்தவை

வாங்குபவர் விலகிக்கொண்டார், மரியாதையாகவே. அவருக்கு வேண்டியது தொழிற்சாலை எஸ்எஸ், இது அதுவல்ல.

சில மாதங்கள் கழித்து இன்னொருவர் வந்தார். நல்ல உடம்பு, பெரிய எஞ்சின், நான்கு கியர், ஓட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பவர். பெரியவர் முதலில் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு, எஸ்எஸ் போல மாற்றிய மாலிபு என்று பத்திரத்திலேயே எழுதி விற்பனை முடிந்தது. டேங்க் தாள் வண்டியோடு போனது. என் கணக்கில் பெரியவர் இழந்தது அவருக்கு உரிமையில்லாத தொகை. ஆனாலும் அந்த இழப்பு அவருக்கு வலித்தது, அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

சிவப்பு எஸ்எஸ்ஸின் தாள் தனிப் பிரச்சினை ஆனது. அப்படி ஒரு தாள் இருக்கும் செய்தி பரவியதும், அதை மட்டும் விலைக்குக் கேட்டு இருவர் அணுகினார்கள். ஒருவர் தன் வண்டியின் வின் எண்ணைச் சொல்லவே மறுத்தார். மூலை தின்னப்பட்ட அசல் தாள் என்பது, தாள் இல்லாத எந்த மாற்று வண்டியையும் எஸ்எஸ் ஆக்கிவிடக்கூடியது. பெரியவர் விற்கவில்லை. காகிதப் பராமரிப்பாளரின் யோசனைப்படி அகச்சிவப்புக் கேமராவில் படம் எடுத்ததில், கறை படிந்த ஓரத்தில் வரிசை எண்ணின் கடைசிச் சில எண்கள் தெளிந்தன.

மாற்றிக்கொண்டவை

சீட்டைத் திறக்கும் முன் டேங்க் இடைவெளியில் கேமரா விட்டுப் பார்ப்பது இப்போது பட்டறையின் முதல் வேலை. டேங்க் மேல் கிடப்பது உடம்போடு இருக்க அதிக வாய்ப்புள்ள தாள். அதை முதலில் பார்த்திருந்தால் பெரியவருக்கு இடையில் அந்த நம்பிக்கை வந்து போயிருக்காது. வண்டியை ஒப்படைக்கும்போதே உரிமையாளரிடம் ஒரு கையெழுத்தும் வாங்குகிறோம்: கிடைக்கும் தாள்கள் அனைத்தும், சாதகமோ பாதகமோ, அறிக்கையில் சேரும். முடிவு தெரிவதற்கு முன்னால் அதைப் பேசிவிடுவது எல்லாருக்கும் எளிதாக இருக்கிறது. எந்தத் தாளானாலும் அது கிடைத்த இடம், அதைப் பிணைத்திருந்தவை, அந்தப் பாகம் வண்டியோடு வந்ததா என்ற மூன்றையும் தாளின் படத்தோடு ஒரே பக்கத்தில் பதிவு செய்கிறோம். தாளின் படம் தனியாக வெளியே போவதில்லை.

பெரியவர் சிவப்பு எஸ்எஸ்ஸின் தாளை எங்களிடமே விட்டுவைத்திருக்கிறார். தெளிந்த எண்களை நாங்கள் எங்கும் வெளியிடவில்லை. 1970 ஷெவல் வைத்திருப்பவர் யாராவது கேட்டு வந்தால், தன் வண்டியின் வின் தகட்டையும் ட்ரிம் டேக்கையும் முதலில் அவர் காட்ட வேண்டும். எண்கள் பொருந்தினால் காசு வாங்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது பெரியவரின் ஏற்பாடு.